செக் வால்வு பழுதைக் கண்டறிதலும் மாற்றுதலும்: வணிகக் கட்டிடக் குழாய் அமைப்புகளுக்கான வழிகாட்டி

தண்ணீரோ நீராவியோ ஒரே திசையில் மட்டும் செல்ல வேண்டிய இடங்களில் பொருத்தப்படும் செக் வால்வுக்குக் கைப்பிடி கிடையாது. குழாயில் ஓடும் திரவத்தின் விசையே, வழியை மூடும் தகடான அதன் டிஸ்க்கைத் தள்ளித் திறக்கிறது. ஓட்டம் நின்று பின்னோக்கித் திரும்ப முயலும்போது டிஸ்க்கின் எடையோ, ஸ்பிரிங்கின் விசையோ, திரும்பி வரும் திரவத்தின் அழுத்தமோ அதை மூடுகிறது. பணியிடங்களில் என்.ஆர்.வி. (நான்-ரிட்டர்ன் வால்வு) என்று சொல்லப்படும் இந்த வால்வை யாரும் தொட்டு இயக்காததால், அது பழுதடைந்திருப்பது முதலில் வேறு ஏதேனும் ஓர் இடத்தில்தான் தெரியவருகிறது. நிறுத்திய பம்பு பின்னோக்கிச் சுழலும். குளிர்நீர்க் குழாயில் வெந்நீர் வரும். யாரும் தண்ணீர் பயன்படுத்தாத நள்ளிரவிலும் அழுத்தத்தைக் கூட்டும் பூஸ்டர் பம்பு அடிக்கடி ஓடி ஓடி நிற்கும்.

இந்த நிலையில் பழைய வால்வைக் கழற்றிவிட்டு அதே வகையில் அதே அளவில் புதியதொன்றைப் பொருத்துவதே வழக்கமாக நடக்கிறது. பல ஆண்டுகள் உழைத்துத் தேய்ந்துபோன வால்வுக்கு அது போதும். ஆனால் காலத்துக்கு முன்பே பழுதாகும் வால்வுக்கு அது போதாது. ஓட்டத்தின் அளவுக்கு மீறிய பெரிய வால்வைத் தேர்ந்தெடுத்திருப்பார்கள்; குழாய் வளைவை (எல்போ) ஒட்டியே பொருத்தியிருப்பார்கள்; வேகமாக நிற்கும் பம்புக்கு மெதுவாக மூடும் வால்வைக் கொடுத்திருப்பார்கள். அந்தக் காரணம் அப்படியே இருக்கும்வரை புதிய வால்வும் அதே வழியில்தான் பழுதாகும். ஆகவே ஸ்பேனரைக் கையில் எடுப்பதற்கு முன்பே செய்ய வேண்டிய கண்டறிதலுக்கு இந்த வழிகாட்டியில் அதிக இடம் தரப்பட்டுள்ளது.

எந்த வகை வால்வு என்று அறிதல்

கட்டிடங்களில் மிகுதியாகக் காணப்படுவது சுவிங் செக் வால்வு. மேற்புறக் கீலில் தொங்கும் டிஸ்க், ஓட்டம் வந்ததும் கதவுபோல் விலகித் திறக்கும். உடலின் மேற்பகுதியில் போல்ட்டுகளால் இறுக்கிய மூடி இருப்பதைக் கொண்டு இதை வெளியிலிருந்தே அடையாளம் காணலாம். அழுத்த இழப்பு குறைவு என்பது இதன் நன்மை. டிஸ்க் நெடுந்தூரம் பயணித்து மூட வேண்டியிருப்பதால், ஓட்டம் சட்டென்று திரும்பும் இடங்களில் தாமதமாக மூடி அறைவது இதன் குறை.

லிஃப்ட் செக் வால்வின் உடல், கைச்சக்கரம் இல்லாத குளோப் வால்வைப் போல இருக்கும். அதன் டிஸ்க் மேல்நோக்கி எழும்பித் திறந்து தன் எடையால் கீழிறங்கி மூடுவதால், ஸ்பிரிங் இல்லாத வகையைப் படுக்கைவாட்டுக் குழாயில், மூடி மேல்நோக்கி இருக்கும்படி மட்டுமே பொருத்த வேண்டும். குழாய்களைப் போல்ட்டால் இணைக்கும் விளிம்புத் தட்டுகளான இரண்டு ஃபிளாஞ்சுகளுக்கு இடையே மெல்லிய வளையமாகச் செருகப்பட்டிருப்பது டூயல் பிளேட் வேஃபர் வகை. நடுவிலுள்ள தண்டில் இரண்டு அரைவட்டத் தகடுகள் ஸ்பிரிங்குடன் இணைந்திருக்கும். சைலன்ட் செக் வால்வு என்று விற்கப்படும் அச்சுவழி வகையில் டிஸ்க் ஓட்டத்தின் அச்சிலேயே சிறிது தூரம் மட்டும் நகர்கிறது. பயணம் குறைவாகவும் ஸ்பிரிங் துணையாகவும் இருப்பதால் ஓட்டம் பின்னோக்கித் திரும்புவதற்கு முன்பே அது பெரும்பாலும் மூடிவிடுகிறது. கழிவுநீர்க் குழாய்களில் ரப்பர் பூசிய பந்து ஒன்று பக்கவாட்டுக் குழிக்குள் உருண்டு வழிவிடும் பால் செக் வால்வு பொருத்தமானது. உறிஞ்சு குழாயின் அடிமுனையில் வடிகட்டியுடன் இருப்பது ஃபுட் வால்வு.

குடிநீர் இணைப்பில் மாசு பின்னோக்கி வராமல் காக்கும் இரட்டைச் செக் அமைப்பு இவற்றிலிருந்து வேறுபட்டது. அதில் ஒவ்வொரு செக்கையும் தனித்தனியே சோதிக்கும் சிறு குழாய்முனைகள் உண்டு. அது பழுதாகும்போது அந்த இடத்தில் ஒற்றைச் செக் வால்வைப் பொருத்திச் சமாளிப்பது மக்களின் உடல்நலத்தோடு விளையாடுவதாகும். அத்தகைய அமைப்பை அதற்கெனத் தகுதி பெற்றவரே சோதிக்கவும் பழுதுபார்க்கவும் வேண்டும்.

கழற்றாமலேயே சோதித்தல்

பின்னோக்கிக் கசிவு இருக்கிறதா என்பதை உறுதிப்படுத்த மிகவும் நம்பகமான வழி, பம்புக்கும் செக் வால்வுக்கும் இடையிலுள்ள டிரெயின் குழாயைத் திறந்து பார்ப்பதுதான். முதலில் பம்பை நிறுத்தி, அதன் மின்னிணைப்பைத் துண்டித்துப் பூட்டுப் போட வேண்டும். செக் வால்வுக்கு அப்பால் அழுத்தம் இருக்கிறது என்பதைக் கேஜில் (அழுத்தமானி) பார்த்துக்கொள்ள வேண்டும். வேறொரு பம்பு ஓடுவதாலோ உயரத்திலுள்ள நீர்த்தூணாலோ அந்த அழுத்தம் கிடைக்கலாம். அதன்பின் பம்பின் உறிஞ்சு பக்கத்து வால்வை மூடிவிட்டு டிரெயினைத் திறந்தால், உள்ளே அடைபட்டிருந்த தண்ணீர் சற்று நேரம் வேகமாக வந்து பின்னர் நின்றுவிட வேண்டும். நிற்காமல் தொடர்ந்து வந்தால் ஏதோ ஒரு வால்வு தண்ணீரை விடுகிறது.

அது எந்த வால்வு என்பதையும் அப்போதே தீர்மானித்துவிடலாம். செக் வால்வுக்கு அப்பாலுள்ள வெளியேற்றுப் பக்க வால்வை மூடிப் பாருங்கள். டிரெயினில் ஓட்டம் நின்றால் தண்ணீர் செக் வால்வின் வழியாகத்தான் வந்துகொண்டிருந்தது. நிற்கவில்லையென்றால் உறிஞ்சு பக்க வால்வு சரியாக மூடவில்லை என்பதே முதல் சந்தேகம். வெளியேற்றுப் பக்க வால்வே விடுகிறதா என்பதையும் பார்க்க வேண்டும். இந்த இரண்டாவது படியைத் தவிர்த்ததால் நல்ல நிலையிலுள்ள செக் வால்வு கழற்றப்படுவது மிகச் சாதாரணமாக நடக்கிறது.

கசிவின் அளவை ஒரு பாத்திரத்தில் பிடித்து நிமிடக் கணக்கில் அளந்து குறித்துக்கொள்வது நல்லது. ரப்பர் போன்ற மென்மையான சீட் (டிஸ்க் அமரும் பரப்பு) கொண்ட வால்வு சொட்டு நீரும் விடக் கூடாது. உலோகம் உலோகத்தின்மீது அமரும் வால்வுக்குச் சிறிது கசிவு அனுமதிக்கப்பட்டதே. வால்வு சோதனைக்கான ஏ.பி.ஐ. 598 தரநிலை, திரவச் சோதனையில் குழாய் அளவின் ஒவ்வோர் அங்குலத்துக்கும் நிமிடத்துக்கு 3 மில்லிலிட்டர் வரை ஏற்கிறது. அதாவது 4 அங்குல வால்வு நிமிடத்துக்கு 12 மில்லிலிட்டர் விட்டால் அதைப் பழுது என்று சொல்ல முடியாது. அவ்வளவுகூடக் கசியக் கூடாத இடம் என்றால், அங்கே மென்மையான சீட் கொண்ட வால்வு தேவை என்பதுதான் அதன் பொருள்.

பூஸ்டர் பம்பு அடிக்கடி ஓடி நிற்கும் குறைக்கு மூன்று காரணங்கள் இருக்கலாம்: செக் வால்வு பின்னோக்கி விடுவது, அழுத்தத் தொட்டியில் காற்று குறைந்துபோவது, கட்டிடத்துக்குள் எங்கோ தண்ணீர் ஒழுகுவது. தொட்டியில் காற்று குறைந்திருந்தால், தண்ணீர் பயன்படுத்தும் நேரத்தில்தான் பம்பு சில நொடிகளுக்கு ஒருமுறை ஓடி நிற்கும். பயன்பாடே இல்லாதபோது அமைதியாக இருக்கும். பயன்பாடு இல்லாதபோதும் ஓடுகிறதென்றால், பம்பு தொகுதியிலிருந்து கட்டிடத்துக்குச் செல்லும் முதன்மை வால்வை மூடிவிட்டுக் கேஜைக் கவனிக்க வேண்டும். அழுத்தம் அப்போதும் இறங்கினால் செக் வால்வைச் சந்தேகிக்கலாம். இறங்காமல் நின்றால் ஒழுக்கு கட்டிடத்துக்குள் இருக்கிறது.

இணையாகப் பொருத்தப்பட்ட பம்புகளில் ஒன்று ஓடும்போது மற்றொன்று ஓய்வில் இருக்கும். ஓய்விலுள்ள பம்பின் செக் வால்வு விட்டால், ஓடும் பம்பு தள்ளும் தண்ணீரின் ஒரு பகுதி அந்த வழியே பின்னோக்கிப் போய் உறிஞ்சு குழாய்க்கே திரும்பிவிடும். மின்சாரம் வழக்கம்போல் செலவாகும். கட்டிடத்துக்குப் போய்ச் சேரும் தண்ணீர் குறையும். ஓய்விலுள்ள பம்பின் தண்டு மெதுவாகப் பின்னோக்கிச் சுழல்வதைக் கண்ணாலேயே பார்க்கலாம். அப்படிச் சுழல்கின்ற பம்பை ஒருபோதும் இயக்கக் கூடாது. எதிர்த்திசைச் சுழற்சியை மீறி மோட்டார் புறப்பட முயலும்போது தண்டும் மோட்டாரும் சேதமடையலாம். வெந்நீர் அமைப்புகளில் இதே சோதனையைத் தொடு வெப்பமானியைக் கொண்டு செய்யலாம். ஓட்டமே இல்லாதிருக்க வேண்டிய கிளைக் குழாய், செக் வால்வின் இரு பக்கமும் சூடாக இருந்தால் வெந்நீர் அதன் வழியே நகர்ந்துகொண்டிருக்கிறது.

ஒலி சொல்லும் செய்தி

பம்பு நின்ற அடுத்த நொடியில் ஒரே ஓர் ஓங்கிய அறை ஒலி கேட்டு, குழாய் முழுதும் அதிர்ந்தால், டிஸ்க் தாமதமாக மூடுகிறது என்று பொருள். ஓட்டம் நின்று பின்னோக்கித் திரும்பி, வேகம் பெற்ற பிறகு டிஸ்க் சீட்டில் மோதும்போது, அந்தப் பின்னோட்டத்தின் வேகம் ஒரே கணத்தில் பூஜ்யமாகிறது. எஃகுக் குழாயில் ஓடும் தண்ணீரின் வேகம் இவ்வாறு திடீரென வினாடிக்கு 1 மீட்டர் மாறினால், ஏறத்தாழ 12 பார் அளவுக்கு அழுத்தம் எகிறும். டிஸ்க் மூடும் நேரத்தில் பின்னோட்டம் அரை மீட்டர் வேகத்தை அடைந்திருந்தாலே, ஏற்கெனவே உள்ள அழுத்தத்தின்மேல் 6 பார் கூடுகிறது. ஒவ்வொரு நிறுத்தத்திலும் இந்த அடியைத் தாங்கும் கேஸ்கெட்டுகளும் (இணைப்புகளில் கசிவைத் தடுக்கும் அடைப்புகள்) குழாய்த் தாங்கிகளும் வார்ப்பிரும்பு உடல்களும் நாளடைவில் விட்டுக்கொடுக்கும். இதைச் சத்தம்தானே என்று விட்டுவிடுவது பிற்பாடு வெள்ளப்பெருக்கில் முடியக்கூடும்.

எல்லா அறையும் செக் வால்வால் வருவதில்லை. மின்காந்தத்தால் சட்டென மூடும் சொலினாய்டு வால்வுகளும் இதே ஒலியைத் தரும். அறை ஒவ்வொரு முறையும் பம்பு நிற்கும்போது மட்டும் கேட்கிறதா என்று பல நிறுத்தங்களில் கவனித்த பிறகே முடிவுக்கு வர வேண்டும்.

பம்பு ஓடிக்கொண்டிருக்கும்போது இடைவிடாமல் டக்டக்கென்ற தட்டல் கேட்டால், டிஸ்க் முழுதாகத் திறக்காமல் ஓட்டத்தில் ஊசலாடுகிறது. வால்வு தேவையைவிடப் பெரியதாக இருப்பதோ, எல்போவுக்கோ பம்புக்கோ மிக அருகில் இருப்பதோதான் இதற்குக் காரணமாக இருக்கும். பம்பு நின்றிருக்கும்போது மெல்லிய சீறல் கேட்டால் சீட்டின் வழியே கசிவு நடக்கிறது. வால்வின் உடலில் நீண்ட திருப்புளியின் நுனியை வைத்துக் கைப்பிடியைக் காதோடு சேர்த்துக் கேட்டால் இவ்வொலிகள் தெளிவாகப் பிரிந்து தெரியும்.

ஓட்டம் குறைந்துபோய், வால்வின் இரு பக்கக் கேஜ்களுக்கும் இடையே அழுத்த வேறுபாடு மிகுதியாக இருந்தால், டிஸ்க் பாதியில் சிக்கியிருக்கலாம். புதிதாகப் பொருத்திய வால்வு என்றால், உடலிலுள்ள அம்புக்குறி ஓட்டத்தின் திசையில்தான் இருக்கிறதா என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

கழற்றும் முன் பாதுகாப்பு

செக் வால்வில் மட்டுமே உள்ள ஓர் ஆபத்தை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். பம்புப் பக்கத்துக் கேஜ் பூஜ்யம் காட்டினாலும், வால்வுக்கு அப்பாலுள்ள குழாயில் முழு அழுத்தம் அடைபட்டிருக்கலாம். அழுத்தத்தைத் திரும்பவிடாமல் பிடித்துவைப்பதுதானே இந்த வால்வின் வேலை. 30 மீட்டர் உயர நீர்த்தூண் ஏறத்தாழ 3 பார் அழுத்தத்தைத் தருகிறது. ஒரு பக்கத்தை மட்டும் வடித்துவிட்டு மூடியைக் கழற்றியவரின் முகத்தில் அந்தத் தண்ணீர் முழுவதும் பாயும். வெந்நீர் அல்லது நீராவிக் கண்டென்சேட் (நீராவி குளிர்ந்து உண்டாகும் சூடான நீர்) அமைப்பாக இருந்தால் உயிருக்கே ஆபத்து. எனவே இரண்டு பக்கங்களையும் தனித்தனியாக அடைத்து, தனித்தனியாக வடித்து, இரண்டு பக்கங்களிலும் டிரெயினையும் காற்றுப் போக்கியையும் திறந்தே வைத்திருக்க வேண்டும். மூடிய வால்வுகளுக்கும் பம்பின் மின்னிணைப்புக்கும் பூட்டும் எச்சரிக்கை அட்டையும் இட வேண்டும். பூட்டின் சாவி வேலை செய்பவரிடமே இருக்க வேண்டும். சூடான அமைப்பை ஆற விட வேண்டும்.

தீயணைப்புக் குழாய் என்றால், அதை அடைப்பதற்கு முன்பே கட்டிடப் பொறுப்பாளருக்குத் தெரிவித்து, அடைத்திருக்கும் நேரத்துக்கு மாற்றுக் கண்காணிப்பை ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும்.

ஃபிளாஞ்சு போல்ட்டுகளைத் தளர்த்தும்போது, உங்களுக்கு எதிர்ப்புறத்தில் உள்ளவற்றை முதலில் சிறிதளவு மட்டும் தளர்த்துங்கள், நட்டைக் கழற்றிவிடாதீர்கள். உள்ளே அழுத்தம் எஞ்சியிருந்தால் அது உங்களைவிட்டு விலகிய திசையில் வெளியேறும். போல்ட் இன்னும் இருப்பதால் ஃபிளாஞ்சும் பிரியாது. கனமான வால்வைச் செயின் பிளாக்கிலோ தாங்கியிலோ பிடித்துக்கொண்ட பிறகுதான் கடைசிப் போல்ட்டுகளை எடுக்க வேண்டும். இரு பக்கக் குழாய்களுக்கும் தாங்கி இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். வால்வையே தாங்கியாக நம்பிக் கிடந்த குழாய், வால்வு வெளியே வந்ததும் இறங்கிவிடும்.

உள்ளே தெரியும் தடயங்கள்

கழற்றிய வால்வை உடனே பழைய இரும்பில் போட்டுவிட வேண்டாம். பழுதின் காரணம் அதன் உள்ளேதான் எழுதப்பட்டிருக்கிறது. கீல் தண்டின் துளை வட்டம் மாறி நீள்வட்டமாகத் தேய்ந்திருந்தால், டிஸ்க் நெடுங்காலம் ஊசலாடியிருக்கிறது. அங்கே பெரிய வால்வோ கலங்கிய ஓட்டமோ உண்டு. ஸ்பிரிங் முறிந்திருந்தாலும் பெரும்பாலும் அதே ஊசலாட்டத்தால் வந்த உலோகச் சோர்வுதான். சீட்டின் முகத்தில் கம்பியால் கீறியதுபோன்ற மெல்லிய வாய்க்கால் தெரிந்தால், தொடக்கத்தில் ஒரு துகள் சிக்கி உண்டான சிறு கசிவு உயர் அழுத்தத்தில் உலோகத்தையே அரித்திருக்கிறது. சீட்டும் டிஸ்க்கும் நசுங்கித் தட்டையாகியிருந்தால் அது அறைந்து மூடியதன் தடயம்.

ரப்பர் உப்பி மென்மையாகியிருந்தால் திரவத்துக்குப் பொருந்தாத ரப்பர் பயன்படுத்தப்பட்டிருக்கிறது, இ.பி.டி.எம். ரப்பர் கனிம எண்ணெய் பட்டால் உப்பிவிடும். இறுகி வெடித்திருந்தால் வெப்பமோ வேதிப்பொருளோ காரணம். பித்தளை உடலில் இளஞ்சிவப்பு நிறத் திட்டுகள் தெரிந்து, கத்தி நுனியால் குத்தினால் பொலபொலவென உதிர்ந்தால், துத்தநாகம் கரைந்துபோய்த் தாமிரம் மட்டும் நுண்துளைகளுடன் எஞ்சியிருக்கிறது. அந்தத் தண்ணீருக்குத் துத்தநாகக் கரைவைத் தாங்கும் பித்தளையோ வெண்கலமோ தேவை. மணலும் வெல்டிங் துகளும் சணலும் கிடைத்தால், ஓட்டம் வரும் பக்கத்தில் ஸ்ட்ரெய்னர் (வடிகட்டி) இல்லை அல்லது அது கிழிந்திருக்கிறது.

ஏதேனும் நட்டோ தகடோ ஸ்பிரிங் துண்டோ காணாமல் போயிருந்தால், அதைக் கண்டுபிடிக்காமல் அமைப்பை இயக்கக் கூடாது. அது ஓட்டத்தோடு போய் அடுத்த வால்வின் சீட்டிலோ வெப்பப் பரிமாற்றியிலோ சிக்கியிருக்கும். பின்னோட்டத்தில் பம்பின் இம்பெல்லரையும் (தண்ணீரைத் தள்ளும் சுழலி) அடைந்திருக்கலாம்.

மாற்று வால்வைத் தேர்ந்தெடுத்தல்

செக் வால்வின் அளவைக் குழாயின் அளவு தீர்மானிக்கக் கூடாது. ஓட்டமே தீர்மானிக்க வேண்டும். டிஸ்க் முழுதாகத் திறந்து அதன் தடுப்பில் உறுதியாகச் சாய்ந்து நிற்பதற்கு ஒரு குறைந்தபட்ச வேகம் வேண்டும்; அதைத் தயாரிப்பாளரின் விவரத்தாள் தரும். உதாரணமாக 150 மி.மீ. குழாயில் மணிக்கு 60 கன மீட்டர் தண்ணீர் சென்றால், அதன் வேகம் வினாடிக்கு 0.94 மீட்டர். பம்பின் வேகம் மின்னணுக் கட்டுப்பாட்டால் குறைக்கப்பட்டு ஓட்டம் பாதியானால், அது 0.47 மீட்டராக இறங்கிவிடும். பல சுவிங் வால்வுகளின் டிஸ்க் அந்த வேகத்தில் பாதியில் தொங்கி ஊசலாடும். மணிக்கு 60 கன மீட்டர் என்ற அதே முழு ஓட்டத்துக்கு, குழாய் அளவைக் குறைக்கும் ரெடியூசர்களுடன் 125 மி.மீ. வால்வைப் பொருத்தினால் வேகம் 1.36 மீட்டராகவும், 100 மி.மீ. என்றால் 2.12 மீட்டராகவும் உயரும். வேகம் மாறும் பம்புகள் பெருகிவிட்ட இக்காலத்தில், முழு ஓட்டத்தை மட்டும் பார்த்து வால்வைத் தேர்ந்தெடுப்பதே திரும்பத் திரும்ப வரும் பழுதுகளுக்கு வேர் என்பது என் உறுதியான கருத்து.

சிறிய வால்வால் அழுத்த இழப்பு கூடும் என்பதையும் கணக்கிட்டுவிட வேண்டும். விவரத்தாளிலுள்ள கே.வி. எண், 1 பார் அழுத்த வேறுபாட்டில் அந்த வால்வின் வழியே மணிக்கு எத்தனை கன மீட்டர் தண்ணீர் செல்லும் என்பதைக் குறிக்கிறது. ஓட்டத்தைக் கே.வி. எண்ணால் வகுத்து, வருவதை அதனாலேயே பெருக்கினால் இழப்பு பாரில் கிடைக்கும். கே.வி. 200 உள்ள வால்வில் மணிக்கு 60 கன மீட்டர் சென்றால் இழப்பு 0.09 பார்தான், பெரும்பாலான அமைப்புகள் இதை எளிதில் தாங்கும்.

அறைந்து மூடிய இடத்தில் மீண்டும் சுவிங் வகையைப் பொருத்துவதில் பயனில்லை. சுத்தமான தண்ணீர் என்றால் ஸ்பிரிங் துணையுள்ள அச்சுவழி வகை அங்கே சரியான விடை. நார்களும் திடப்பொருளும் வரும் கழிவுநீரில் ஸ்பிரிங்கும் வழிகாட்டித் தண்டும் அடைபடும் என்பதால் அங்கே அதைத் தவிர்க்க வேண்டும்.

ஃபிளாஞ்சின் தரநிலையையும் வாங்கும் முன்பே சரிபார்க்க வேண்டும். 100 மி.மீ. அளவில் பி.என். 16 ஃபிளாஞ்சும் 150 கிளாஸ் ஃபிளாஞ்சும் இரண்டுமே 8 போல்ட் கொண்டவை. ஆனால் போல்ட் வட்டத்தின் விட்டம் முன்னதில் 180 மி.மீ., பின்னதில் 190.5 மி.மீ. கண்ணுக்கு ஒன்றுபோல் தெரியும் இவை ஒன்றோடொன்று பொருந்தா. முகத்துக்கு முகம் உள்ள நீளமும் வகைக்கு வகை மாறும்; நீளம் குறைந்தால் இடைக்குழாய்த் துண்டு சேர்க்க வேண்டும். குழாயை இழுத்துப் போல்ட்டால் நெருக்கி அந்த இடைவெளியை நிரப்பினால் வால்வின் உடல் நிரந்தரமாக வளைவிசையில் கிடக்கும். டிஸ்க் சீட்டில் சரியாக அமராது.

பொருத்துதல்

பம்பின் வெளியேற்றிலிருந்தோ எல்போவிலிருந்தோ குழாய் விட்டத்தைப்போல் குறைந்தது 5 மடங்கு நேர்க்குழாய் வால்வுக்கு முன்னால் இருப்பது பொதுவான வழிகாட்டுதல். இடம் அனுமதித்தால் அதைவிடக் கூடுதலாக விடுவது நல்லது. டூயல் பிளேட் வால்வைப் படுக்கைவாட்டுக் குழாயில் பொருத்தும்போது அதன் நடுத்தண்டு செங்குத்தாக இருக்க வேண்டும். இல்லையெனில் ஒரு தகடு எடையால் மூடத் திணறும். செங்குத்துக் குழாயில் எல்போவுக்கு அடுத்து வந்தால், எல்போ வளையும் தளத்திலேயே தண்டு அமைய வேண்டும். அப்போதுதான் இரு தகடுகளுக்கும் ஓட்டம் சமமாகக் கிடைக்கும். அதன் தகடுகள் திறக்கும்போது உடலைத் தாண்டி வெளியே நீள்வதால், பட்டர்ஃபிளை வால்வை நேரடியாக ஒட்டிப் பொருத்தினால் இரண்டும் மோதிக்கொள்ளும். இடையே ஒரு சிறு குழாய்த் துண்டு தேவை. சுவிங் வால்வைச் செங்குத்துக் குழாயில் பொருத்துவதென்றால் ஓட்டம் மேல்நோக்கி இருக்க வேண்டும்.

ஃபிளாஞ்சு முகங்களில் ஒட்டியுள்ள பழைய கேஸ்கெட்டை முற்றிலும் சுரண்டி எடுத்து, குறுக்குக் கீறல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பழைய கேஸ்கெட்டை மறுபடி பயன்படுத்தக் கூடாது. தட்டை முகமுள்ள வார்ப்பிரும்பு ஃபிளாஞ்சுக்கு முழுமுகக் கேஸ்கெட்டையே இட வேண்டும். எதிர்ப்புறத்தில் மேடு உள்ள முகத்தை வைத்து வளையக் கேஸ்கெட்டோடு இறுக்கினால் வார்ப்பிரும்பின் விளிம்பு வெடித்துவிடும். வேஃபர் வகைக்கு முதலில் கீழ்ப்புறப் போல்ட்டுகளைச் செருகிக்கொண்டால், வால்வை அவற்றின்மேல் வைத்து நடுவில் நிறுத்துவது எளிது.

போல்ட்டுகளுக்கு உயவு தடவி, ஒன்றுக்கு எதிரே மற்றொன்று என்ற நட்சத்திர வரிசையில், முதல் சுற்றில் இறுதி டார்க்கின் (இறுக்கும் முறுக்கு விசை) 30 சதவீதம், இரண்டாம் சுற்றில் 60 சதவீதம், மூன்றாம் சுற்றில் முழுமையாக இறுக்க வேண்டும். அதன்பின் வட்டமாக ஒரு சுற்று வந்து, எந்த நட்டும் மேலும் நகரவில்லை என்பதை உறுதிப்படுத்த வேண்டும். மரை இணைப்பு வால்வில் எந்த முனையில் குழாயைத் திருகுகிறோமோ அந்த முனையின் அறுகோணத்தையே மற்றொரு ஸ்பேனரால் பிடிக்க வேண்டும். எதிர்முனையைப் பிடித்துத் திருகினால் உடல் முறுக்கப்பட்டுச் சீட் கோணும். வெல்டிங் இணைப்பு என்றால் உட்பாகங்களையும் ரப்பரையும் முன்பே எடுத்துவிட வேண்டும். வெல்டிங் மின்னோட்டம் வால்வின் வழியாகச் செல்லாதபடி எர்த் கிளாம்பை வெல்டிங் நடக்கும் பக்கத்திலேயே இணைக்க வேண்டும்.

இயக்கிப் பார்த்தல்

அமைப்பில் தண்ணீரை மெதுவாக நிரப்பி, உயரமான இடங்களில் காற்றை முழுதாக வெளியேற்ற வேண்டும். அழுத்தத்தில் இணைப்புகள் ஒழுகவில்லை என்று கண்டபின், வெளியேற்று வால்வைச் சிறிதளவே திறந்து பம்பை இயக்கி, படிப்படியாக முழுதும் திறக்கலாம். பின்னர் பம்பைப் பலமுறை நிறுத்தி அறை கேட்கிறதா, தண்டு பின்னோக்கிச் சுழல்கிறதா என்று கவனிக்க வேண்டும். பம்பின் வேகம் மாறக்கூடியதென்றால் மிகக் குறைந்த வேகத்திலும் சிறிது நேரம் ஓட்டி, தட்டல் ஒலி இல்லை என்பதை உறுதிசெய்ய வேண்டும். குடிநீர்க் குழாயைத் திறந்திருந்தால், உரிய முறையில் கிருமிநீக்கம் செய்து அலசிய பிறகே பயன்பாட்டுக்கு விட வேண்டும்.

கடைசியாக, தொடக்கத்தில் செய்த அதே டிரெயின் சோதனையைப் புதிய வால்விலும் செய்து, கசிவின் அளவு, இரு பக்க அழுத்தங்கள், வால்வின் வகை, அளவு, சீட்டின் பொருள், பொருத்திய தேதி ஆகியவற்றைப் பதிவேட்டில் எழுத வேண்டும். பழைய வால்வில் கண்ட தடயத்தையும் அதோடு சேர்த்து எழுத வேண்டும். வேலையின்போது குழாய்க்குள் விழுந்த துகள்கள் முதல் சில நாட்களில் ஸ்ட்ரெய்னரை வந்தடையும் என்பதால், ஒரு வாரத்துக்குள் அதைத் திறந்து சுத்தம் செய்ய வேண்டும். நீர்வகைத் தீயணைப்பு அமைப்புகளின் பராமரிப்புக்கான என்.எஃப்.பி.ஏ. 25 தரநிலை, செக் வால்வுகளை 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை திறந்து உள்ளே பார்வையிடச் சொல்கிறது. அந்த அமைப்பில் உள்ள வால்வு என்றால், அடுத்த பார்வையிடலுக்குரிய ஆண்டையும் அதே பதிவேட்டிலும் வால்வில் கட்டிய அட்டையிலும் குறித்துவைக்க வேண்டும்.